நந்தனின் சம்மதம்

சீர்காழிப் பக்கம், வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேற்கே இருக்கிறது திருப்புன்கூர். நந்தன் வெளியே நின்று கும்பிட, குறுக்கே மறைத்த நந்தி விலகிக்கொடுத்த ஊர் என்று சொல்வார்கள். இன்றைக்கும் நந்தி கொஞ்சம் ஒதுங்கித்தான் உட்கார்ந்திருக்கிறது. கல் நகர்ந்தது, மனுசன் எவனும் நகரவில்லை. உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. அந்த நந்தன்தான் பிறகு கொள்ளிடத்தைத் தாண்டிச் சிதம்பரம் போனான். தில்லைவாழ் அந்தணர்கள் நெருப்பு வளர்த்தார்கள், நந்தன் அதில் இறங்கினான், பூணூல் போட்ட முனிவனாக எழுந்தான் என்கிறது பெரியபுராணம். யாரும் பிடித்துத் தள்ளவில்லையாம். கனவில் ஆண்டவன் சொன்னதைக் கேட்டு அவனே மனமுவந்து இறங்கினானாம்.

அதாவது நந்தன் சம்மதித்திருக்கிறான். அது பதிவாகியும் இருக்கிறது. என்னுடைய கேள்வி, பதிவு செய்தது யார் என்பது. "நெருப்பு வேண்டாம், இப்படியே உள்ளே வருகிறேன்" என்று நந்தன் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்குமா? திறந்திருக்காது. அவன் முன்னால் இருந்தவை இரண்டு: ஒரு பக்கம் மூடிய கதவு, இன்னொரு பக்கம் எரிகிற நெருப்பு. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியுமா?

மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எதற்குப் பழங்கதையை இழுக்கிறான் என்று தோழர்கள் நினைக்கலாம். ஆராய்ச்சி என்கிற பெரிய கட்டடம் இன்று நிற்பதே சம்மதம் என்கிற ஒற்றைக் கல்லின் மேல்தான். நாஜி மருத்துவர்கள் சிறைமுகாம்களில் செய்த கொடுமைகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம் 1947ல் முதல் விதியாக இதைத்தான் வைத்தது. 1964ல் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000, 2006, 2017 ஆண்டுகளில் நெறிமுறைகள் வெளியிட்டது. 2019ல் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகளுக்கான விதிகள் வந்தன. எல்லாம் சொல்வது ஒன்றுதான்: சோதனைக்கு உட்படுகிறவருக்கு அவர் பாஷையில் விளக்கி ஒப்புதல் வாங்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி ஒருவர் கூட இருக்கவேண்டும். கைநாட்டு வைக்கலாம்.

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் கைநாட்டுக்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறது.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் கைநாட்டு என்றால் கடன். கல்யாணத்துக்கோ சாவுக்கோ பண்ணையில் வாங்கின சொற்ப நெல்லுக்காக அப்பன் வைத்த ரேகை, மகனையும் பேரனையும் அதே களத்துமேட்டில் கட்டிப்போட்டது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ரேகை வைத்தவனுக்குத் தெரியாது. எழுதினவன் கணக்குப்பிள்ளை, சாட்சியும் அவன் ஆள்தான். அந்த இடத்தில் நம் ஆட்கள் சொல்லப் பழகின சொல் ஒன்று: "ஆவட்டுங்க". குனிந்துகொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்கிற சொல். இது ஒப்புதலா? ஒப்புக்கொள்ளாவிட்டால் சாணிப்பாலும் சவுக்கடியும் என்று தெரிந்தவன் வாயில் வருகிற சொல். சீர்காழிக் குளக்கரையில் அழுத சம்பந்தருக்கு அம்மனே இறங்கிவந்து ஞானப்பால் கொடுத்தாள் என்று வருசா வருசம் திருவிழா எடுக்கிறார்கள். அதே மண்ணில் கூலி கேட்ட வாய்க்குக் கிடைத்தது சாணிப்பால். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செங்கொடியின் கீழ் போராடித்தான் அதை நிலத்துக்கு இறக்கினோம். பண்ணையாள் முறை போனது. "ஆவட்டுங்க" மட்டும் சீக்கிரம் போய்விடவில்லை. தாலுக்கா ஆபீசுக்குப் போனாலும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தச் சொல்லும் நம்மோடு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நம் கிழவிகள் வைத்த பேர் தருமாஸ்பத்திரி. தருமம் வாங்குகிற இடத்தில் கேள்வி கேட்பதா? போட்ட சோற்றில் உப்பில்லை என்று சொல்ல முடியுமா?

எங்கம்மாவை ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. காலையில் பெரிய டாக்டர் வருவார், பின்னாலேயே பதினைந்து இருபது மாணவர்கள். ஒவ்வொருவராக ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்பார்கள். ரவிக்கையை விலக்கச் சொல்வார்கள். திரையை இழுத்துவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. அரைமணி நேரம் அம்மாவின் தலைக்கு மேலே இங்கிலீஷில் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது ஒரு பெண் மட்டும் நின்று, "நீங்க நல்ல கேஸ்மா, ரொம்ப நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனதாம். சாயந்திரம் நான் போனபோது அம்மா சந்தோசமாகச் சொல்லுச்சு: "நல்ல கேசுன்னு சொன்னாங்கடா. சீக்கிரம் வூட்டுக்கு வுட்டுருவாங்க போலருக்கு."

நல்ல கேஸ் என்றால் நோய் நன்றாகத் தெரிகிற உடம்பு என்று அர்த்தம். வால்வு எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு நல்ல கேஸ். சின்ன வயசில் தொண்டைப்புண்ணாக வந்து, ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, வால்வைத் தின்கிற நோய் இது. நெருக்கமான குடிசைகளில் பரவுகிறது. தொண்டைப்புண் வந்த காலத்திலேயே பென்சிலின் போட்டிருந்தால் வராமல் தடுத்திருக்கலாம். பென்சிலின் எட்டாத சேரியில் அம்மா வளர்ந்ததால்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் கிடைத்தது. பரீட்சை நாட்களில் இப்படிப்பட்ட நோயாளிகளை வரிசையாகப் படுக்கவைப்பார்கள். பெரிய கேஸ், சின்ன கேஸ் என்று பிரித்துக் கேள்வி கேட்பார்கள். பாஸ் பண்ணினவர்கள் ஊர் ஊராகப் போய் போர்டு மாட்டுவார்கள். கேஸ் வீட்டுக்கு வரும், இல்லாவிட்டால் பிணவறைக்குப் போகும்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. இருபது பேரில் மனுசியாக நின்று பேசினது அவள் ஒருத்திதான். மனித உடம்பைத் தொடாமல் யாரும் டாக்டராக முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் எந்த உடம்பு? பணம் கட்டிப் படுக்கிற தனியறையில் இருபது பேர் இப்படி நுழைவதில்லை. இலவச வார்டின் உடம்புதான் பாடப்புத்தகம். மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்துவந்த மருத்துவக் கவுன்சிலின் தாள்களிலேயே நோயாளிகளுக்கு ஒரு பேர் உண்டு, 'கிளினிக்கல் மெட்டீரியல்'. மெட்டீரியல் என்றால் சரக்கு. செங்கல், சிமெண்ட், ஜல்லி மாதிரி நோயாளியும் ஒரு சரக்கு. சரக்கு போதவில்லை என்று சோதனைக்குழு வருகிற நாளில் கூலிக்கு ஆள் பிடித்து வேனில் ஏற்றிவந்து படுக்கையில் படுக்கவைத்த தனியார் கல்லூரிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். நடவுக்குப் போகிற மாதிரி நோயாளியாகப் படுக்கப் போவதும் ஒரு நாள் கூலியாகிவிட்டது.

செத்த உடம்பின் கதையும் இதுதான். 1836ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்கிற உயர்சாதிப் பண்டிதர் பிணத்தை அறுத்துச் சாதிக்கட்டை உடைத்தார். அதற்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகச் சொல்வார்கள். அவர் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தூக்கினவன், எரித்தவன், புதைத்தவன் வீட்டு வாசலில் எந்த பீரங்கி முழங்கியது? இன்றைக்கும் எத்தனையோ அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைகளில் மண்டையைப் பிளந்து நெஞ்சைத் திறப்பது நம் ஆள். தள்ளி நின்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது டாக்டர். உடற்கூறு வகுப்பின் மேசைக்கு வெகுகாலம் வந்துகொண்டிருந்தவையும் கேட்பாரற்ற பிணங்கள்தான். அறுக்கிற கையும் அறுபடுகிற உடம்பும் அடிமட்டத்திலிருந்து வருகின்றன. அறிவு மட்டும் வேறிடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இத்தனையும் சொன்னபிறகு "ஆராய்ச்சியே வேண்டாம், நம்மைத் தொடாதே" என்று சொல்லிவிடத் தோன்றும். அது நம் கட்சியாக இருக்கமுடியாது. நம் நோய்களை யாரும் ஆராயாவிட்டால் நாம்தான் சாவோம்.

மெட்ராசில் நடந்த காசநோய் ஆராய்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து தொடங்கின. அந்தக் காலத்தில் காசம் வந்தால் சானடோரியத்துக்குப் போகவேண்டும். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால். நம் ஜனங்களுக்கு அங்கே படுக்கை ஏது? நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்துக்கு, பாதிப்பேர் தங்கள் குடிசைக்கே. இருவருக்கும் ஒரு வருசம் ஒரே மாத்திரை. 1959ல் முடிவு வந்தது. நெருக்கடியான வீட்டில், அரைவயிற்றோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குணமானார்கள். அவர்களால் வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு மாறியதற்கு இந்த முடிவு பெரிய காரணம். லண்டன்காரனும் நியூயார்க்காரனும் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்காமல் வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டதில் மெட்ராஸ் குடிசைகளின் பங்கு உண்டு. 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. ஊசி ஆய்வில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது அவர்கள் உடம்பிலிருந்துதான் தெரியவந்தது.

இது நல்ல ஆராய்ச்சி. நம் ஜனங்களுக்கும் பலன் வந்தது. ஆனாலும் இதில் இன்னொன்று பார்க்கவேண்டும். "நல்ல சாப்பாடு இல்லாமலே குணமாகிறது" என்பது விடையாக வந்தது. சாப்பாடு இருந்திருந்தால் இவர்களுக்கு நோயே வந்திருக்குமா என்கிற கேள்வியை அன்று சோதித்துப் பார்க்கவில்லை. அறுபது வருசத்துக்குப் பிறகு ஜார்க்கண்டில் அதைச் சோதித்தார்கள். சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் இருந்தது. காசநோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர் கொடுத்துப் பார்த்தார்கள். 2023ல் முடிவு வெளியானது: அந்த வீடுகளில் புதிதாகக் காசம் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. இதை நம்ம ஊர் கிழவியைக் கேட்டிருந்தால் 1956லேயே சொல்லியிருப்பாள். கேள்வி கேட்கிற இடத்தில் பசித்தவன் இல்லாதபோது பசி ஒரு கேள்வியாக மாற அறுபது வருசம் ஆகிறது.

இனி கம்மம் விசயத்துக்கு வருவோம். 2009ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பாத் என்கிற அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் சேர்ந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போட்டார்கள். குஜராத்தில் வடோதராவிலும் நடந்தது. கம்மத்தில் ஏராளமான பிள்ளைகள் ஆதிவாசிகள், விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். இரண்டு மாநிலத்திலுமாக ஏழு பிள்ளைகள் இறந்தபிறகு 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணைக்குழு சொன்னது. அந்த ஊசி இன்றைக்கு உலகத்தில் பல நாடுகளில் போடப்படுகிறது, உயிரைக் காப்பாற்றுகிறது. அதனால் ஊசியோடு எனக்குச் சண்டை இல்லை. 2013ல் நாடாளுமன்ற நிலைக்குழு எடுத்துச்சொன்ன கணக்கைப் பாருங்கள்: ஆந்திரத்தில் 9,543 ஒப்புதல் படிவங்கள். அதில் 1,948ல் கைநாட்டு. 2,763ல் கையெழுத்துப் போட்டவர் விடுதிக் காப்பாளர். அப்பன் ஆத்தா காட்டில் இருக்க, காப்பாளர் நிறையப் பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டார். கணக்குப்பிள்ளை வேறு வேசத்தில் வந்திருக்கிறான்.

அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932லிருந்து 1972வரை சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பு விவசாயக் கூலிகளைச் சிகிச்சை கொடுக்காமலே அரசாங்க டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்தபிறகும் கொடுக்கவில்லை. அவர்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? சூடான சாப்பாடு, இலவசப் பரிசோதனை, செத்தால் அடக்கச்செலவு. அவர்களும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், அதையும் விருப்பம் என்றுதான் எழுதிக்கொண்டார்கள். 1997ல் அந்த நாட்டு ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். வெண்மணி மண்ணிலிருந்து பார்க்கிறபோது டஸ்கீகி தூரதேசமாகத் தெரியவில்லை.

ஆக, சம்மதம் என்பது என்ன? நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டும் எதையும் இழக்காமல் இருக்கமுடிகிறவனிடமிருந்து மட்டுமே சம்மதம் வாங்கமுடியும். வேண்டாம் என்றால் படுக்கை போய்விடுமோ, டாக்டர் முகம் சுளிப்பாரோ, மாத்திரை நின்றுபோகுமோ என்று பயப்படுகிறவனிடம் வாங்குவது ரேகை, சம்மதம் அல்ல. 2013ல் ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுக்கவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 2015ல் அதைப் புதிய வேதிப்பொருள் மருந்துகளின் சோதனைக்கு, எளிதில் ஏமாற்றப்படக்கூடியவர்கள் விசயத்தில் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். சுருக்கியது தப்புதான். ஆனால் கேமரா இருந்தாலும் என்ன செய்யும்? "ஆவட்டுங்க" என்பதைத் துல்லியமாகப் பதிவு பண்ணும். அதற்குள் இருக்கிற பயத்தைப் படம்பிடிக்காது. அப்படிப் பார்த்தால் ஒழுக்கநெறி படிவத்தில் ஆரம்பிப்பதில்லை. கூலியில் ஆரம்பிக்கிறது, நிலத்தில் ஆரம்பிக்கிறது, பக்கத்தில் இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதில் ஆரம்பிக்கிறது.

படிப்பிலும்தான் ஆரம்பிக்கிறது. 1951ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணை ரத்தானது மருத்துவக் கல்லூரி இடத்துக்காகத்தான். அதன் பிறகு அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டியிருந்தது. 2017ல் அரியலூர்ப் பக்கம் குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியும் நீட் கதவில் முட்டிச் செத்தாள். அப்பா மூட்டை தூக்குகிறவர். 2020ல் அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது, பலபேர் உள்ளே போனார்கள். 2020 டிசம்பரில் எங்கள் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் ஒரேநாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், நாகப்பட்டினம் அதில் இருந்தது, மயிலாடுதுறை இல்லை. கல்லூரிக்குள் போனபிறகும் என்ன நடக்கிறது என்பதை 2007ல் டெல்லி எய்ம்சைப் பற்றித் தோராட் குழு கொடுத்த அறிக்கை சொன்னது. நம் பிள்ளைகள் டாக்டரானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அவர்களும் 'நல்ல கேஸ்' என்று சொல்லப் பழகிவிடக்கூடும். ஆனால் தன் ஆத்தாவையே ஒரு படுக்கையில் கேசாகப் பார்த்த பிள்ளைக்குத் திரையை இழுத்துவிடக் கை நீளும்.

இதை விதி வந்துதான் சாதிக்கவேண்டும் என்றில்லை. 2019லிருந்து மருத்துவப் பாடத்திட்டத்தில் ஒழுக்கநெறியும் நோயாளியிடம் பேசுகிற முறையும் தனிப்பாடமாக வந்திருக்கிறது. நல்லது. அந்தப் பாடத்தில் முதல் பயிற்சியாக, தொடுவதற்கு முன்னால் "தொடலாமாம்மா?" என்று கேட்கட்டும். முடித்தபிறகு என்ன பார்த்தோம் என்பதைத் தமிழில் அந்த அம்மாவிடம் சொல்லட்டும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் சாட்சியைத் தாங்களே கூட்டிவரக்கூடாது. சேரிக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஆள் சாட்சியாக உட்காரவேண்டும். மறுத்தவருக்கும் அதே படுக்கை, அதே மருந்து என்று வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஆய்வின் முடிவைத் தெரிந்துகொள்ள அதில் கலந்துகொண்டவர்களுக்கு வழி இருக்கவேண்டும் என்று ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்கிறது. ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பிவந்து, தெருவில் பாய்விரித்து உட்கார்ந்து, உங்கள் ரத்தத்திலிருந்து இதைக் கற்றுக்கொண்டோம் என்று சொல்லவேண்டும். இதெல்லாம் சலுகை அல்ல. தருமாஸ்பத்திரி என்று இனி சொல்லவேண்டாம். நாம் அங்கே வாங்குகிற மாத்திரைக்கு நம் பாட்டன் பூட்டிகளின் உடம்பு முன்னமே விலை கொடுத்திருக்கிறது.

நம் பங்குக்குச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தோழர்கள் நடத்துகிற இரவுப் பள்ளிகளில் மனுப்போடச் சொல்லித் தருகிறோம், கையெழுத்துப் போடச் சொல்லித் தருகிறோம். அதோடு ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவம் ஒன்றையும் எடுத்துவைத்து வரிவரியாக வாசிக்கலாம். யார் இதை நடத்துகிறார்கள், மருந்தால் கெடுதல் வந்தால் யார் பொறுப்பு, நடுவில் விலகலாமா, முடிவை எப்போது சொல்வீர்கள் என்று கேட்கப் பழக்கலாம். ஒருத்தர் டாக்டராக உட்காரட்டும், ஒரு கிழவி நோயாளியாக உட்காரட்டும். எல்லாம் விளக்கிச் சொன்னபிறகு கிழவி நிமிர்ந்து உட்கார்ந்து "வேணாங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். முதல் தடவை சிரிப்பு வரும், நாக்கும் குழறும். நாலு தடவை சொன்னால் பழகிவிடும். அதற்குப் பிறகு அவள் "சரிங்க, எடுத்துக்குங்க" என்று கையை நீட்டினால், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாம்.